தீப்பெட்டிக்குள் வந்த கறுப்புப் பூச்சி

பூச்சிகளைப் பற்றி வாசகர்கள் எழுதிக் கேட்பவற்றுக்கு இந்தப் பகுதியில் பதில் சொல்பவர், உசிலம்பட்டி பக்கத்துப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டு உயிரியல் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை.

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். மேலூர் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசியில் மழை விட்ட அன்றைக்கு, ராத்திரி ஏழு மணிக்கெல்லாம் கடை டியூப் லைட்டுக்குக் கறுப்பாக ஒரு வண்டு வந்து கொட்டியது. காலையில் முறத்தில் அள்ளும் அளவுக்குக் கிடந்தது. மிதித்தால் ஒரு நாற்றம். சிறுசு, பெருசு என்று இரண்டு அளவில் இருக்கிறது. சிறுசு குஞ்சு என்று நினைக்கிறேன். அரிசி மூட்டைக்குள் போய்ப் பெருகிவிடுமா? கடித்தால் விஷமா? மருந்துப் பவுடர் தூவலாமா? கொஞ்சம் பூச்சியைத் தீப்பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறேன். – வாசகர், மேலூர்

பதில்: தீப்பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. பூச்சிக்கு அடிபடக்கூடாது என்று நீங்கள் பஞ்சு வைத்து அனுப்பியிருந்தீர்கள். திறந்து பார்த்தால் 14 பூச்சிகளும் அந்தப் பஞ்சில் ஒட்டுப்புல் மாதிரிச் சிக்கிக் கிடந்தன. ஊசி வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க எனக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. இரண்டு பூச்சிக்குக் கால் போய்விட்டது. அடுத்த தடவை பஞ்சுக்குப் பதில் மெல்லிய காகிதத்தில் சுற்றி அனுப்புங்கள். ஆனால் உங்கள் பூச்சி யார் என்று முதலில் சொன்னதே அந்தப் பஞ்சுதான். கால் முழுக்க முள் இருந்ததால்தான் அது அப்படிச் சிக்கியது.

முதலில் ஒரு திருத்தம். இது வண்டு இல்லை. வண்டுக்கு முதுகில் இரண்டு ஓடு இருக்கும். இரண்டும் நடுவில் ஒரே நேர்க்கோட்டில், இரட்டைக் கதவு சாத்தின மாதிரிச் சேரும். உங்கள் பூச்சியின் முதுகைப் பாருங்கள். நடுவில் ஒரு முக்கோணம் தெரியும். அதற்கு இரண்டு பக்கமும் சிறகு. சிறகின் முன்பகுதி தோல் மாதிரித் தடித்திருக்கும், பின்பகுதி வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கும். அப்புறம் திருப்பிப் போட்டு வாயைப் பாருங்கள். வண்டுக்குக் கடிக்கிற தாடை. இதற்கு நெஞ்சோடு ஒட்டி மடக்கி வைத்த ஓர் உறிஞ்சு ஊசி. ஆகவே இது நாவாய்ப்பூச்சிக் கூட்டம். மூட்டைப்பூச்சியும், நெல் பால் பிடிக்கும் நேரத்தில் வந்து கதிரை உறிஞ்சுகிற கதிர் நாவாய்ப்பூச்சியும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவைதான்.

மேலூர் என்றதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் நெல் போடுகிற ஊர். நெல்லில் கருநாவாய்ப்பூச்சி என்று ஒன்று உண்டு. அதுவும் கறுப்புதான், ஏறக்குறைய இதே அளவுதான், விளக்குக்குக் கூட்டமாக வரும், நசுக்கினால் நாறும். உங்கள் கடைக்கு வந்தது அதுவாக இருந்தால் சுற்றியுள்ள வயல்காரர்களுக்கு நாம் உடனே சொல்ல வேண்டியிருக்கும். அதனால் பத்து மடங்கு லென்ஸை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கருநாவாயின் முதுகில் இருப்பது கூர்மையான முக்கோணம் இல்லை. கரண்டி மாதிரி அகன்று, ஏறக்குறைய வயிற்றின் நுனி வரைக்கும் மூடியிருக்கும். உடம்பும் மங்கலாக, மண் பூசின மாதிரி இருக்கும். கால் மெலிசு. உங்கள் பெட்டியில் இருந்த 14இல் ஒன்றுகூட அது இல்லை. வயலுக்குப் பயம் இல்லை.

இனி அந்தக் காலுக்கு வருகிறேன். இந்தப் பூச்சியிடம் நான் அதிக நேரம் செலவழிக்கிற இடம் அதுதான். முன்னங்காலின் கீழ்ப்பகுதி தட்டையாக அகன்று, வெளி ஓரத்தில் தடித்த முட்கள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்கின்றன. இது மண்ணைப் பறிக்கிற கருவி. நடுக்காலிலும் பின்னங்காலிலும் சுற்றிலும் முள், நம் ஊர்க் கருவேலங்குச்சி மாதிரி. முன்கால் பறித்த மண்ணைப் பின்னால் தள்ளவும், வளைக்குள் ஊன்றி நின்று முன்னால் முட்டவும் அவை உதவுகின்றன. தலையும் அதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. முன் ஓரம் அரைவட்டமாகத் தட்டை. லென்ஸில் பார்த்தால் அந்த ஓரம் நெடுகக் கட்டை முள்ளும் நீள மயிரும் வரிசையாகத் தெரியும். மண்ணுக்குள் கண்ணால் பயன் இல்லை. அந்த மயிர்தான் தொட்டுப் பார்த்து வழி சொல்கிறது. இத்தனை முள்ளுக்கு நடுவில், காலின் கடைசி மூன்று கணுக்கள் மட்டும் நூல் மாதிரி மெலிந்திருக்கும். அவ்வளவு பெரிய மண்வெட்டியின் நுனியில் இவ்வளவு மெல்லிய பாதமா என்று ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் எனக்கு ஆச்சரியம்தான்.

முள் கால், தட்டைத் தலை, ஐந்து கணு உணர்கொம்பு, பளபளப்பான கறுப்பு உடம்பு, இவை எல்லாம் சேர்ந்து வந்தால் அது சிட்னிடே என்ற குடும்பம். மண்ணைத் தோண்டி உள்ளே வாழ்கிற நாவாய்ப்பூச்சிகளின் குடும்பம் அது. நம் பக்கத்தில் இதற்குத் தனிப்பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. கறுப்புப் பூச்சி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் வகுப்பில் 'தோண்டி நாவாய்' என்று சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் வாயில் அது நன்றாகவே நின்றது.

இப்போது சிறுசு, பெருசு விஷயம். இதில் நீங்கள் நினைத்தது தவறு, ஆனால் கவனித்தது சரி. கவனித்து எழுதியதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். சிறியதைக் குஞ்சு என்கிறீர்கள். குஞ்சு எப்படி விளக்குக்கு வரும்? நாவாய்ப்பூச்சி முட்டையிலிருந்து வந்து ஐந்து பருவம் தோல் உரித்து வளரும். கடைசித் தோலை உரித்த பிறகுதான் முழுச் சிறகு. அதற்குமுன் தோளில் சின்ன மொட்டு மாதிரிதான் இருக்கும், பறக்க முடியாது. முழுச் சிறகு வந்துவிட்டால் அதற்குமேல் ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. ஆகவே பறந்து வந்து உங்கள் டியூப் லைட்டில் மோதின ஒவ்வொன்றும் வளர்ந்த பூச்சிதான். சிறிய ஐந்தையும் விரித்துப் பார்த்தேன். ஐந்துக்கும் முழுச் சிறகு இருந்தது. ஒரே தீப்பெட்டியில் நீங்கள் இரண்டு இனத்தை அனுப்பியிருக்கிறீர்கள்.

பெரியது 9 மில்லிமீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் அகலம். முட்டை வடிவம், முதுகு லேசாகப் புடைத்தது. கருப்பட்டி நிறத்திலிருந்து முழுக் கறுப்பு வரை இருக்கிறது. கால்கள் கொஞ்சம் சிவப்பு கலந்த பழுப்பு. முதுகெல்லாம் ஊசியால் குத்தின மாதிரிப் புள்ளிப் பள்ளங்கள். சிறகின் மெல்லிய பகுதி வெளிறியது. முக்கோணம் நீளமாக இறங்கி வயிற்றில் பாதியைத் தாண்டுகிறது. லென்ஸ் இதோடு நின்றுவிடும். இனத்தின் பெயர் வரைக்கும் போக வேண்டுமென்றால், நாற்றச் சுரப்பி வெளியே திறக்கிற வாயைப் பார்க்க வேண்டும். அது நடுக்காலுக்குப் பக்கத்தில் நெஞ்சின் அடியில் இருக்கும். அதன் உதடு எப்படி முடிகிறது, சுற்றியுள்ள மங்கலான பகுதி எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதை வைத்துத்தான் இந்தக் குடும்பத்தில் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கிறார்கள். என் பழைய மாணவி ஒருத்தி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவளுடைய நுண்ணோக்கியில் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். பெரியது ஏத்தஸ் இண்டிகஸ். 1837இல் வெஸ்ட்வுட் என்ற ஆங்கிலேயர் பெயரிட்டது. இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை பரவிய பூச்சி. சிறியது 4 மில்லிமீட்டர், ஃப்ரோமுண்டஸ் பிக்மியஸ். 1851இல் டல்லாஸ் என்பவர் பெயர் வைத்தார். பிக்மியஸ் என்றால் குள்ளன் என்று பொருள். இந்தக் குள்ளன் இங்கிருந்து பசிபிக் கடலில் ஹவாய்த் தீவு வரைக்கும் போயிருக்கிறது. மேலூர் மளிகைக் கடையின் விளக்கடியில் அதைப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அரிசி மூட்டை பற்றிப் பயப்பட வேண்டாம். இவை மண்ணுக்குள் வேரையும், உதிர்ந்து கிடக்கும் விதையையும் உறிஞ்சி வாழ்கிறவை. ஈர மண் இல்லாமல் பெருகாது. உங்கள் மூட்டையில் பெருகுவது அரிசி வண்டு, அது முற்றிலும் வேறு. ஆளைத் தேடிக் கடிக்கவும் வராது. மழையில் மண் நனைந்ததும் சிறகு முளைத்தவை வெளியேறிப் புது இடம் தேடிப் பறக்கின்றன. வழியில் வெள்ளை வெளிச்சம் பட்டதும் இழுபட்டு விழுகின்றன. வாசலில் எரியும் வெள்ளைக் குழல் விளக்கை மஞ்சள் எல்.இ.டி.யாக மாற்றுங்கள், கூட்டம் நன்றாகக் குறையும். விழுந்ததை மிதிக்காமல் பெருக்கி வாய்க்கால் ஓரத்தில் கொட்டுங்கள். அரிசியும் பருப்பும் திறந்து கிடக்கிற கடையில், நாலு நாள் வந்து போகிற பூச்சிக்காக மருந்துப் பவுடர் தூவவே கூடாது. கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: டீச்சர், என் மகனுக்கு எட்டு வயது. ஒரு வாரமாக மழை. நேற்றுக் காலையில் பார்த்தால் அவன் உள்ளங்காலில் ஏழெட்டு இடத்தில் பழுப்பு நிறப் புள்ளி. மச்சம் மாதிரியே இருக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. வலி, அரிப்பு எதுவும் இல்லை என்கிறான். ராத்திரி தாழ்வாரத்தில் வெறுங்காலோடு விளையாடினான். அங்கே எள்ளு மாதிரிக் கறுப்புப் பூச்சி நிறையக் கிடந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா? ரொம்பப் பயமாக இருக்கிறது. – வாசகி, ஆனையூர், மதுரை

பதில்: சம்பந்தம் இருக்கிறது அம்மா. நீங்கள் பூச்சியையும் சேர்த்துக் கவனித்தது பெரிய உதவி. மேலே சொன்ன அதே தோண்டி நாவாய்க் குடும்பத்தில் எள்ளளவே உள்ள கைலோகோரிஸ் என்ற வகை இருக்கிறது. மிதிபடும்போது அதன் நாற்றச் சுரப்பியிலிருந்து வரும் நீர் தோலில் பட்டுக் கறையாகப் பிடிக்கும். மருதாணி மாதிரி, தோலின் மேல் அடுக்கில் சாயம் ஏறுகிறது. மழைக்காலத்தில், உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும், திடீரென்று, நாலைந்து சேர்ந்தாற்போல வரும். வலிக்காது, அரிக்காது. சோப்புக்குப் போகாது, அசிட்டோனுக்குப் போகும். 2015இல்தான் இந்தியத் தோல் மருத்துவர்கள் பூச்சியியலாளர் ஒருவரோடு சேர்ந்து இதை ஒரு மருத்துவ இதழில் எழுதி, கைலோகோரிஸ் அஸ்முத்தி என்ற இனம்தான் காரணம் என்று காட்டினார்கள். இந்தியாவில் மழையும் பூச்சியும் வெறுங்காலும் எத்தனையோ காலமாக இருக்கின்றன. ஆனால் காரணம் எழுத்தில் ஏறியது இத்தனை பிந்தித்தான்.

அசிட்டோனுக்குப் போகும் என்றதும் நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துப் பிள்ளையின் காலைத் தேய்த்துவிடாதீர்கள். தேவையே இல்லை. தோல் தானாக உரிய உரிய, சில நாளில் மங்கிப் போய்விடும். அதற்கு அப்புறமும் ஒரு புள்ளி அப்படியே நின்றால், அல்லது பெரிதானால், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். காட்டும்போது பூச்சி விஷயத்தையும் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு பூச்சியைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போங்கள். இந்தக் கறையைப் பார்த்திராத மருத்துவருக்கு அது புது மச்சமாகத்தான் தெரியும்.

ஒன்றை மட்டும் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். நெல் வயல் பக்கம் இதே மழைக்காலத்தில் விளக்குக்கு இன்னொரு பூச்சி வரும். எறும்பு மாதிரி நீளமாக, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறிப் பட்டை போட்டிருக்கும். பெடரஸ் என்று பெயர், அது ஒரு வண்டு. அதைத் தோலில் வைத்து நசுக்கினால் அடுத்த நாள் தீப்புண் மாதிரிக் கொப்புளம் வரும், எரியும். அது கழுத்தில் உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ள வேண்டும். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உங்கள் மகனுக்கு வந்தது அது இல்லை. அவன் விளையாடட்டும், செருப்புப் போட்டுக்கொண்டு.

கேள்வி: பேரையூர் பக்கம் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலக்கடலை. செடி பறிக்கும்போது வேர் மண்ணில் கறுப்பாக, முள் காலோடு பூச்சி கிடந்தது. அப்புறம் களத்தில் காயப்போட்ட கடலைக்கு அடியில் பழுப்பாக நீளமான பூச்சி ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. பருப்பு சுருங்கிக் கசக்கிறது. இரண்டும் ஒரே பூச்சிதானா? எதற்கு மருந்து அடிக்க வேண்டும்? பருப்பு ஒரு கைப்பிடி அனுப்பியிருக்கிறேன். – விவசாயி, பேரையூர் வட்டம்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் வீட்டுக் களம் கண்முன் வந்து நின்றது. எங்கள் அப்பாவும் செம்மண் காட்டில் ஆடியில் கடலை போட்டு ஐப்பசியில் பறிப்பார். முதல் மழைக்குத் தம்பலப்பூச்சி செக்கச்செவேல் என்று ஊரும். பறிக்கிற நேரம் இந்தக் கறுப்புப் பூச்சி. களத்தில் அந்தப் பழுப்புப் பூச்சி. எங்கள் வீட்டில் பின்னிரண்டுக்கும் ஒரே பெயர், கடலைப் பூச்சி. நான் ஒன்பதாவது படிக்கிறபோது ஒரு வருஷம் பருப்பெல்லாம் கசந்தது. அப்பா ஒரு சாக்குப் பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துப் பவுடர் வாங்கி வந்து காட்டில் தூவினார், ஏனென்றால் பறிக்கும்போது கறுப்புப் பூச்சியைப் பார்த்திருந்தார். கசக்க வைத்தது களத்தில் இருந்த பழுப்புப் பூச்சி. அது பாட்டுக்குக் குவியலுக்கு அடியில் உறிஞ்சிக்கொண்டிருந்தது. பவுடர் செலவும் போயிற்று, தை மாதம் மூட்டையைப் பிரித்தால் பருப்பும் போயிற்று. வெறுங்கையால் அள்ளித் தூவின அப்பாவின் கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாது. அந்த மருந்தை 1997இல் அரசு தடை செய்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு அழுத்தமாகவே சொல்கிறேன். இரண்டும் ஒன்றில்லை.

களத்துப் பூச்சி எலாஸ்மோலோமஸ் சார்டிடஸ். இதுவும் நாவாய்க் கூட்டம்தான், வேறு குடும்பம். ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீளம், ஒடுங்கலான உடம்பு, கரும்பழுப்பு. முன்னங்காலில் தொடை மட்டும் பருத்திருக்கும், மண்வெட்டி கிடையாது. அதன் குஞ்சுக்கு ஆரம்பத்தில் வயிறு சிவப்பாக இருக்கும். பறித்துப் போட்ட செடியிலும் மண்ணிலும் முட்டை வைக்கும். கிடங்கு வரைக்கும் கூடவே வரும். தோட்டைத் துளைத்துப் பருப்பின் எண்ணெயை உறிஞ்சும். மீதி எண்ணெய் சிக்குப் பிடித்துக் கசக்கும். நீங்கள் அனுப்பிய பருப்பில் 50ஐ எண்ணி எடுத்துப் பார்த்தேன். 19 சுருங்கியவை, வாயில் போட்டால் கசப்பு. இது களத்துப் பூச்சியின் வேலை.

கறுப்புப் பூச்சியின் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் பருப்பின் சிவப்புத் தோலை உரிக்க வேண்டும். தோலோடு பார்த்தால் பருப்பு நல்லதாகவே தெரியும். நல்லதாகத் தெரிந்த மீதி 31ஐயும் வெந்நீரில் போட்டு உரித்தேன். மூன்றில் மட்டும் மஞ்சள் பழுப்பில் சின்னச் சின்னப் பள்ளம் இருந்தது. தோண்டி நாவாய் மண்ணுக்குள்ளேயே தோட்டின் வழியாக ஊசியை விட்டால் இப்படித்தான் தழும்பு விழும். அமெரிக்காவில் நிலக்கடலைக்கு இதே குடும்பத்தின் பாஞ்ஜியஸ் பைலீனியேட்டஸ் பெரிய தொல்லை. அந்தப் பூச்சி குத்தின பருப்பில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கூடுகிறது என்று அங்கே கண்டிருக்கிறார்கள். கொலம்பியாவில் இன்னொரு உறவுக்காரன், சிர்டோமெனஸ் பெர்ஜி, மரவள்ளிக் கிழங்கைக் குத்தி உள்ளே பூஞ்சையை ஏற்றிவிடுகிறது. தோலை உரித்தால் வெள்ளைக் கிழங்கில் அம்மை போட்ட மாதிரிப் புள்ளி இருக்கும். கசப்பு ரக மரவள்ளியை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. அதற்காக உங்கள் காட்டிலும் அப்படித்தான் ஆகும் என்று பயப்பட வேண்டாம். 50இல் மூன்று என்பது இப்போதைக்கு மருந்து அடிக்கிற அளவு இல்லை.

செய்ய வேண்டியது களத்தில்தான். மண் தரையில் காயப்போடாதீர்கள், தார்ப்பாய் விரித்துப் போடுங்கள். பறித்த செடியைக் காட்டில் போர் போட்டு நாள் கணக்கில் வைக்காமல் சீக்கிரம் காய் பிரித்து, நன்றாக வெயில் காட்டுங்கள். போன வருஷத்துத் தோட்டுக் குப்பை களத்து ஓரத்தில் கிடந்தால் முதலில் அப்புறப்படுத்துங்கள். காட்டுக்குக் கோடை உழவு ஆழமாக ஓட்டுங்கள். உழவைக் குறைத்த நிலத்தில் தோண்டி நாவாய் அதிகம் என்பது அமெரிக்க அனுபவம். அதோடு, மண் காய்ந்த ஆண்டுகளில்தான் அது காய்க்கு அதிகமாகச் சேதம் செய்கிறது. மானாவாரியில் மழை நம் கையில் இல்லை. உழவு நம் கையில் இருக்கிறது.

அடுத்த போகத்தில் காய் பிடிக்கும் நேரம், காட்டில் பத்து இடத்தில் ஒரு சாண் ஆழம் மண்ணைக் கிளறிப் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் எத்தனை கறுப்புப் பூச்சி என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். சிறகு இல்லாத குஞ்சுகளையும் சேர்த்து எண்ணுங்கள். குஞ்சு இருந்தால்தான் அது உங்கள் காட்டிலேயே குடியிருக்கிறது என்று அர்த்தம். வளர்ந்தது மட்டும் இருந்தால் எங்கிருந்தோ பறந்து வந்து இறங்கியதாகவும் இருக்கலாம்.

கேள்வி: வணக்கம் டீச்சர். நான் எட்டாவது படிக்கிறேன். எங்கள் தோட்டத்தில் துளசிச் செடிக்கு அடியில் தோண்டும்போது கறுப்பாக முள் கால் பூச்சி வந்தது. பிள்ளைப்பூச்சிக்கும் இதற்கும் சொந்தமா? இது மண்ணுக்குள்ளே எப்படிக் குஞ்சு வளர்க்கும்? சத்தம் போடுமா? – மாணவி, அழகர்கோவில் சாலை

பதில்: சொந்தம் இல்லை கண்ணு. பிள்ளைப்பூச்சி வெட்டுக்கிளி, சிள்வண்டு கூட்டம். மண் தோண்டுகிற வேலை ஒன்றாக இருப்பதால் இரண்டுக்கும் முன்கால் மண்வெட்டி மாதிரி ஆகியிருக்கிறது. வாயைப் பார், தெரிந்துவிடும்: பிள்ளைப்பூச்சி கடிக்கும், இது உறிஞ்சும்.

குஞ்சு வளர்ப்பதைப் பற்றிக் கேட்டாயே, அதைச் சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தக் குடும்பத்தில் பல இனங்கள் மண்ணில் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். சில இனங்களில் தாய் போகாது. ஜப்பானில் அடோமெரஸ் ட்ரைகட்டுலஸ் என்று ஒன்று இருக்கிறது. தாய் முட்டைகளை உருண்டையாகச் சேர்த்து, அதன் மேலேயே கவிழ்ந்து காவல் இருக்கும். எறும்போ வேறு பூச்சியோ வந்தால் விட்டு ஓடாது. குஞ்சு பொரித்ததும் வெளியே போய்ச் செடியிலிருந்து உதிர்ந்த விதையைத் தேடி, உறிஞ்சு ஊசியில் குத்திக் குழிக்குத் தூக்கி வரும். அது மட்டும் இல்லை, குஞ்சு பொரிக்காத சில முட்டைகளையும் இடும். அவை பிள்ளைகளுக்குச் சாப்பாடு. வட அமெரிக்காவில் சீஹிரஸ் சிங்க்டஸ் என்ற பூச்சியும் இப்படி விதை சுமந்து வந்து குஞ்சுக்குக் கொடுக்கும். இந்த இரண்டு தாய்களும் தேடிப் போகிற விதை எந்தச் செடியுடையது தெரியுமா? நம் துளசி, தும்பை இருக்கிற அதே குடும்பத்துச் செடிகளுடையது. அதனால் உன் துளசிக்கு அடியில் இருப்பது எது, அங்கே என்ன செய்கிறது என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது. விதை உதிர்கிற நேரம் மேல்மண்ணை ஸ்பூனால் மெதுவாக ஒதுக்கிப் பார். முட்டை உருண்டை கண்ணில் பட்டால் தொடாமல் மறுபடி மூடிவிடு. நோட்டில் தேதி, நேரம், மண் ஈரமா காய்ச்சலா, எத்தனை விரல் ஆழம், பக்கத்தில் என்ன செடி என்று எழுதிக்கொள். பூச்சியை மூன்று படமாக வரைந்து வை: முதுகு, வயிறு, முன்னங்கால் மட்டும் பெரிதாக. உணர்கொம்பில் கணுவை எண்ணிப் போடு. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அளவை எழுதாமல் விடாதே.

சத்தம் போடும். இதன் பின்சிறகில் ஒரு நரம்பு அரம் மாதிரி இருக்கும், வயிற்றின் முதுகுப்பக்கத்தில் அதில் உரசுகிற ஒரு விளிம்பு இருக்கும். வயிற்றை முன்னும் பின்னும் அசைத்தால் அரத்தில் உரசிச் சத்தம் வரும். ஆணும் பெண்ணும் இதில்தான் பேசிக்கொள்கின்றன. பெரும்பாலும் அது மண் வழியாக அதிர்வாகப் போய்ச் சேர்கிறது. தொந்தரவு செய்தாலும் எழுப்பும். வீடு அடங்கின நேரத்தில், பூச்சியை ஒரு காகிதக் கூம்புக்குள் விட்டு வாயை மடித்துக் காதோரம் வைத்துக் கேட்டுப் பார். முள் கால் காகிதத்தைப் பிறாண்டுவது முதலில் கேட்கும். அது ஓய்ந்து, அதற்கும் மெலிதாக ஒரு கரகரப்பு விட்டுவிட்டு வந்தால், அதுதான். கேட்டதும் எந்தத் துளசியடியில் எடுத்தாயோ அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடு.